அறுபத்து மூன்று காய் காய்த்த செடி

கெடார் கிராமத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலமும் கொழுந்தனார் நிலமும் ஒரே வரப்பில் இருக்கின்றன. இரண்டிலும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. போன பட்டத்தில் வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்த பெண், இரு நிலத்திலும் ஐந்தைந்து செடி பிடுங்கிக் காய் எண்ணினாள்.

"உங்களுது ஆவரேஜ் பதினெட்டுங்க. அவங்களுது இருபத்தி நாலு."

அவ்வளவுதான். வயிறு எரிந்தது. ஒரே விதை, ஒரே மழை. கொழுந்தனார் பெண்டாட்டி, என் ஓரகத்தி, களை எடுக்கக்கூட நேரத்துக்குப் போகமாட்டாள். அவளுக்கு இருபத்து நாலா? அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் யாருமில்லாத நேரம் பார்த்து அவள் நிலத்தில் இறங்கினேன். மூன்று செடி பிடுங்கினேன். பதினாலு, பதினஞ்சு, பதிமூணு. நான்காவதில் கை வைத்தபோது பின்னால் குரல்.

"இன்னாக்கா தேடிக்கினு இருக்கீங்க?"

ஓரகத்திதான். கையில் செடியோடு நின்றேன். பொய் வரவில்லை.

"இருபத்தி நாலுன்னாங்களே, அதான் பார்க்கலாம்னு..."

அவள் சிரித்தாள். "அட, நீங்க வேறக்கா! எருக்குழி ஓரத்துல ஒரே ஒரு செடி, அதுல மட்டும் அறுபத்தி மூணு காய். மத்த நாலும் பன்னெண்டு, பதினாலு, பதினஞ்சு, பதினாறுதான். அந்தப் பொண்ணுகிட்டயே சொன்னேன், அத சேக்காதம்மான்னு."

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கூட்டினேன். நூற்று இருபது. ஐந்தால் வகுத்தால் இருபத்து நாலு; கணக்கில் தப்பில்லை. ஆனால் இருபத்து நாலு காய் உள்ள செடி அவளிடம் ஒன்றுகூட இல்லை. வரிசையாக எழுதினால் நடுவில் நிற்பது பதினைந்து. என்னுடையது பதினாறிலிருந்து இருபது வரை, நடுவில் பதினெட்டு. ஒற்றைச் செடி மற்ற நாலையும் தூக்கிக் காட்டியிருக்கிறது. அதைப் பார்த்து நான் வெந்திருக்கிறேன்.

அறுவடையில் எங்களுக்குத்தான் மூட்டை அதிகம். விழுப்புரம் போகும் பஸ்ஸில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டில் இருந்த ஓரகத்தி, "ஆமா, அக்கா நல்லா பாடுபட்டாங்க" என்றாள். அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். துளி வருத்தம் இல்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது.