நான்கு தோட்டம், ஒரே நீலம்

நான்கு படங்களை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற நிற அளவை நான்குக்கும் பொதுவாக ஒன்றே வைப்பதா, ஒவ்வொன்றுக்கும் தனி அளவா? நான் படித்த படிப்பே இதற்குத்தான். இன்னும் விடை தெரியவில்லை.

நீலகிரியில் ஜெகதளாப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் நால்வருக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். தோட்டங்களில் ஆங்காங்கே நட்டுவைத்த கருவிகள் விடியற்காலைக் குளிரை அளந்து அனுப்பும். தோட்டத்துக்கு ஒரு கட்டமாகக் கணினியில் வரைந்து, மாலை ஐந்து மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். கருநீலம் என்றால் கடுங்குளிர். அதைப் பார்த்துத்தான் அன்றிரவு நாற்றுகளைச் சாக்கு போட்டு மூடுவார்கள்.

ஆரம்பத்தில் எத்தனை டிகிரிக்குக் கருநீலம், எத்தனைக்கு ஆரஞ்சு என்ற எல்லை எதையும் நான் குறிக்கவில்லை. குறிக்காவிட்டால் மென்பொருள் தானே குறித்துக்கொள்ளும், அதுவும் கட்டத்துக்குக் கட்டம் தனியாக. மேட்டுத் தோட்டத்தில் மிகக் குளிர்ந்த இடம் ஒன்பது டிகிரி, அதற்குக் கருநீலம். பள்ளத்துத் தோட்டத்தில் ஒரு டிகிரி. அதற்கும் அதே கருநீலம். ஓரத்தில் எண்கள் இருந்தன, கைபேசியில் கடுகு அளவுக்கு. எங்கள் வீடும் மேட்டில்தான். நான் வரைந்த நீலத்தைப் பார்த்து நானே பயந்து, மகளுக்கு மூன்று ஸ்வெட்டர் மாட்டிப் பள்ளிக்கு அனுப்பினேன். கையை மடக்க முடியாமல் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி போனாள்.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்குப் பள்ளத்துத் தோட்டத்து அக்கா போன் செய்தார்.

“ஏங்கண்ணு, மேட்டுக்காரரு ஊட்டுச் சீலையெல்லாம் நாத்து மேல கெடக்குதாமா? அந்தம்மா மாத்திக் கட்டச் சீலை இல்லாம உக்காந்திருக்குதாம்.”

“நீலமா இருந்துச்சுங்கல்லக்கா.”

“அந்த மேட்டுல எந்தக் காலத்துல பனி உளுந்துச்சு? அவருக்கும் நீலம், எனக்கும் நீலம். உன்ற கலரை நம்பி நான் எதுக்குச் சாக்கைத் தூக்கிட்டு அலையோணும்? இன்னைக்கு மூடறதா இல்ல.”

கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிவிட்டு அந்த ஆண்டுதான் அவர் புது நாற்று நட்டிருந்தார். வெளியே வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது, காற்றே இல்லை. உறைபனிக்கு இதைவிடத் தோதான மாலை கிடையாது. நான்கு கட்டங்களுக்கும் பூஜ்யம் முதல் பன்னிரண்டு டிகிரி வரை என்று ஒரே எல்லையைக் கொடுத்தேன். பள்ளம் முழுக்கக் கருநீலமானது. மேடு வெளிறிய ஆரஞ்சானது.

“அக்கா, இத்தன நாள் போட்டது தப்புங்க. உங்களுக்கு மட்டுந்தான் நெசமான நீலம். மூடிருங்க.”

“அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை படம் அனுப்பினார். சாக்கின் மேல் உப்புத் தூவியதுபோல் பனி. அடியில் நாற்று பச்சையாக இருந்தது. நான் மூச்சு விடுவதற்குள் மேட்டுத் தோட்டத்து அண்ணன் கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்மிணி, நம்ம தோட்டத்துக்கு வரப்பக் கலர் தீந்து போச்சுங்களா?”

“இல்லீங்ணா, உங்களுக்குப் பயமில்லைன்னு அர்த்தம்.”

“எல்லாருக்கும் நல்லாப் போட்டுட்டு எனக்கு மட்டும் வெளுத்துக் கெடக்குது. நம்ம கெழக்கு மூலைலதானுங்க குளிர் மொதல்ல எறங்கும். முந்தி அது தெரிஞ்சுது. இப்ப எங்க போச்சு?”

மூலை எங்கும் போகவில்லை. அதன் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் பொது அளவில் மறைந்துவிட்டது. அவர் சொன்னதும் நியாயம்தான்.

அதனால் இப்போது இரண்டு தாள் அனுப்புகிறேன், பொது அளவில் ஒன்று, தனி அளவில் ஒன்று. அண்ணன் தனி அளவை மட்டும் பார்க்கிறார். சீலைகள் மறுபடி தோட்டத்துக்குப் போய்விட்டன. அக்கா எதைப் பார்க்கிறார் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. தாள் மாறிப் பார்த்துவிட்டால் அவர் பள்ளத்திலும் பாதி ஆரஞ்சாகத் தெரியும், போவது நாற்று. கைபேசியைத் தூரப் பிடித்துப் பார்ப்பவருக்கும் குழம்பாதபடி இதை எப்படி வரைவது? இதில் பழகியவர்கள் யாராவது தயவுசெய்து சொல்லுங்கள். ஐந்து மணிக்கு முன்னால் சொன்னால் நல்லது.