பெரிய மாமாவின் தோல் சக்கரம்

அப்பாவின் சேஃப்டி ஷூவை வெட்டியது நான்தான். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. ஆனால் சொந்தக்காரர் கல்யாணம் எதுவானாலும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறவர் பெரிய மாமா. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரகடத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். அப்பா கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். அம்மாவின் அண்ணனான பெரிய மாமா தச்சர். வேலையில்லாமல் எங்களோடு தங்கியிருந்தார். படப்பையில் ஒரு மரச்சாமான் பட்டறையில், திங்கட்கிழமை உளிகளோடு வந்து கைவேலையைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அவருடைய உளிகள் கல்லில் தீட்டியும் வழுவழுப்பாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் அம்மாவும் சுங்குவார்சத்திரத்துக்கு ஒரு காதுகுத்துக்குப் போன பிறகு, மாமா உளிக்கு மெருகேற்றும் சக்கரம் ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார். பேக்கிங் பெட்டியின் பிளைவுட்டை வட்டமாக அறுத்து, இரண்டு வட்டங்களை ஒன்றாக ஒட்டி, பழைய கூலர் மோட்டாரில் மாட்டினார். விளிம்பைச் சுற்றித் தோல் ஒட்டி, அதில் பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்தால் உளியில் முகம் பார்க்கலாம் என்றார். கூர் இருக்கும் பக்கம் பார்த்துச் சக்கரம் சுற்றினால் உளி தோலைக் கிழித்துவிடும், அதனால் விலகித்தான் சுற்ற வேண்டும் என்றும் விளக்கினார். எல்லாம் விளக்கினார். தோல் யாருடையது என்பதைத் தவிர.

கட்டிலுக்கு அடியில் அடி தேய்ந்த ஷூ ஜோடி ஒன்று பையில் இருந்தது.

"நீயே வெட்டு கண்ணு. உன் கை சின்னது, நேரா போவும்."

காய் நறுக்கும் கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு பீடி குடிக்க வெளியே போனார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு பட்டை பட்டையாக வெட்டினேன். சாயங்காலம் உளியைக் கையில் வைத்து இழுத்தார், முடி உதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பழைய ஷூவைத் திருப்பிக் கொடுத்தால்தான் அப்பாவின் கம்பெனியில் புது ஷூ. ஷூ இல்லாத ஆளை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் மாற்றிக்கொள்ளத்தான் அப்பா அதைத் துடைத்துப் பையில் வைத்திருந்தார்.

ராத்திரி திரும்பி வந்து பையைத் திறந்த அப்பா என்னைப் பார்த்துக் கத்தினார்: "இன்னாடி இது? யாரு வெட்னது?"

நான் வாய் திறப்பதற்குள் மாமா சொன்னார்: "பாப்பாதான் மாப்ள. நான் வெளிய நின்னுகினு இருந்தேன். வேணும்னா அதையே கேளு."

அப்பா கேட்டார். நான்தான் என்றேன். பெல்ட்டால் அடி விழுந்தது. மாமா நடுவில் வந்து தடுத்தார், புள்ள தெரியாம பண்ணிட்சி என்று.

திங்கட்கிழமை மாமாவுக்கு வேலை கிடைத்தது. அப்பா கேட்டிலிருந்து திரும்பி வந்தார். அதன் பிறகு ஒரு மாதம், பக்கத்து அறைக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்துக் கழற்றும் ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டு போனார். ஒரு சைஸ் சின்னது. இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து விழுந்தன. 

எட்டாவதோடு படிப்பை விட்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி லைனில் சேர்ந்து, எனக்கும் ஒரு ஜோடி சேஃப்டி ஷூ வந்தபோதுதான் ஒரு பேச்சுவாக்கில் தெரிந்தது: நான் ஷூவை வெட்டுவதற்கு முன்பே, தச்சு வேலை படுத்த காலத்தில், மாமாவும் அப்பாவின் அதே கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறார். பழைய ஷூவை நீட்டிப் புது ஷூ வாங்கியிருக்கிறார்.

என் கை சின்னது என்பதால்தான் கத்தியைக் கொடுத்தார் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.