சமாதானம் கொடுக்கப் போன சேஃப்டி ஆபீசர்

சேஃப்டி ஆபீசர் வேலையில் ஒன்றும் நடக்காவிட்டால் "உனக்கு இங்கே என்ன வேலை" என்பார்கள்; ஏதாவது நடந்துவிட்டால் அப்போதும் அதையேதான் கேட்பார்கள். ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் இந்த வேலை பார்க்கிறேன். யாரோ கேட்டார்கள் என்று போடக்கூடாத கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டு படுத்தவர்கள் எல்லோரும் என் ஜாதிதான். உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

புது மனுஷன்

ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் சபைக் கூட்டத்தில் அழுது, குடியை விட்டேன், கெட்ட வார்த்தையையும் விட்டேன். சபையில் எழுந்து அதைச் சொன்னபோது கைதட்டினார்கள். ஆயர் கட்டிப்பிடித்தார். நானும் நல்லவனாகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கம்பெனியில் என்ன ஆச்சு என்றால், ஹெல்மெட் எல்லாம் தலையை விட்டு இறங்க ஆரம்பித்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பாஷா பாயை நிறுத்தி, "ஏன் பாய், ஹெல்மெட் எங்கே?" என்று சாந்தமாகக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "சார், நீங்க திட்டுனாத்தான் ஹெல்மெட் ஞாபகமே வரும். இப்ப இப்படி சிரிச்சா எங்களுக்கு எப்படி பயம் வரும்?"

அரை மணி நேரம்

எங்கள் பிரஸ் மெஷினில் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் மெஷின் நின்றுவிடும். ஆனால் அது அடிக்கடி நிறுத்துவதால் வேலை மந்தமாகும். அந்தச் சென்சாரை அணைக்க ஒரு சாவி இருக்கிறது. அது என்னிடம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

அத்திப்பள்ளியிலிருந்து தினமும் வருகிற எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு நாள் காலையில் அந்தச் சாவிக்காகக் கையை நீட்டினார். "லாரி கேட்ல நிக்குது சார், அரை மணி நேரம்." முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சண்டை போடுவது பழைய ஆள், நான்தான் புது ஆளாச்சே என்று பேசாமல் கொடுத்தேன். என் கோழைத்தனத்துக்கு சாந்தம் என்று பெயர் வைத்திருந்தேன். அவர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் ஆகாது, நீங்க ஜெபம் பண்ற ஆளு."

கவனக்குறைவு

சாவி திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் அந்த மெஷினில் தேவராஜுக்கு வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போச்சு. திருநெல்வேலிப் பக்கத்து ஆள், பதினோரு வருஷ ஆபரேட்டர், எங்கள் சபையில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர்.

அறிக்கையை நான்தான் எழுத வேண்டும். எச்.ஆர். அதிகாரி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, "தொழிலாளியின் கவனக்குறைவு, அவரே சென்சாரை அணைத்துவிட்டார்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். விரல் போனவர் மேலேயே விசாரணை வந்தது. வேலை போய்விடும் என்றார்கள். அன்றிலிருந்து அந்த மெஷின் பக்கமே நான் போவதில்லை. எச்.ஆர். என் தோளைத் தட்டினார்: "கவலைப்படாதீங்க சார், உங்க பேரு எங்கயும் வராம பாத்துக்கிட்டேன்."

உள்ளங்கை

நற்கருணை ஆராதனையில் ஆயர் கொடுக்கும் சமாதான வாழ்த்தை நாலு பேர் வாங்கிக்கொண்டு வந்து ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்தில் இருப்பவருக்கும் கொடுப்போம். அவர் கையை நம் இரண்டு கைக்குள் வைத்து "சமாதானம்" என்று சொல்ல வேண்டும். அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

விபத்து நடந்து ஒரு மாதம் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசி பெஞ்சின் ஓரத்தில் தேவராஜ். கட்டு பிரித்திருந்தது. வேறு பக்கம் திரும்பிவிடலாம் என்று கால் நினைத்தது, ஆனால் பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தேவராஜ் அந்தக் கையையே நீட்டினார். நான் பதற்றத்தில் அழுத்திப் பிடித்துவிட்டேன் போல. "சமாதானம்" என்றேன். அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கொஞ்சம் பைய பிடிங்க சார், இன்னும் வலிக்கி."

முழங்கால்

அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. ராயக்கோட்டை வரைக்கும் சும்மா பைக்கில் போய்த் தக்காளி மண்டியில் நின்றுவிட்டு, ஒரு கிலோ கூட வாங்காமல் திரும்பினேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது.

மறுநாள் விடிகாலையில் முழங்காலில் நின்று ஒன்றுவிடாமல் சொல்லி அழுதேன். என் வீட்டுக்காரி காபியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கர்த்தருக்கு எல்லாம் தெரியும்ங்க. தெரியாதவங்க ஆபீஸ்ல இருக்காங்க, அங்க போய்ச் சொல்லுங்க."

உத்தனப்பள்ளி ரோடு

போய்ச் சொன்னேன். சாவியைக் கொடுத்தது நான், அறிக்கை பொய் என்று எழுதிக் கொடுத்தேன். தொழிற்சாலை ஆய்வாளருக்கும் ஒரு நகல் அனுப்பினேன். தேவராஜ் மேல் இருந்த விசாரணையை நிறுத்தினார்கள், எனக்கு மெமோ கொடுத்தார்கள்.

அன்றைக்கே உத்தனப்பள்ளி ரோட்டில் இருக்கும் தேவராஜ் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லட்டுமா, அவர் என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். டீ டம்ளரை இடது கையால் கீழே வைத்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இப்ப அந்த மெஷின்ல யாரு சார் நிக்கா?"

சிவப்பு பட்டன்

எனக்குத் தெரியாது. சாவி இன்னும் மேனேஜரிடம்தான் இருந்தது. காகிதத்தைத் திருத்தினேனே தவிர, மெஷினை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. பைக்கைத் திருப்பி நேரே கம்பெனிக்கு வந்தேன். தேவராஜ் நின்ற இடத்தில் தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். சென்சார் விளக்கு எரியவில்லை. சிவப்பு பட்டனை அமுக்கி மெஷினை நிறுத்தினேன்.

மேனேஜர் ஓடி வந்தார். லாரி, டிஸ்பாட்ச், கஸ்டமர் என்றார். பட்டன் மேலேயே கையை வைத்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டினேன். ஆறு மாதமாக வாயில் வராத ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "சாவி" என்று மட்டும் சொன்னேன். லைன் முழுக்க எங்களையே பார்த்தது. கடைசியில் அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க குடிச்சிட்டு இருந்தப்பவே தேவலை."

மெமோவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை, வேலை நிற்குமா என்றும் தெரியவில்லை, ஆனால் நான் மாறிவிட்டேன் என்று சபையே கைதட்டியபோது வராத நம்பிக்கை அந்த மேனேஜர் திட்டியபோதுதான் எனக்குக் கொஞ்சம் வந்தது.