நான் போனால் மட்டும் ஓடும் ஏசி

ஏசி வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. போனில் வாடிக்கையாளர் கதறிய பழுது, நாம் வாசலில் செருப்பைக் கழற்றியதும் காணாமல் போய்விடும். "இப்பதாங்க நின்னுது, சாமி சத்தியமா" என்று அவர்கள் சொல்வார்கள். ஏசி நம் தலைக்கு மேல் ஜில்லென்று ஓடிக்கொண்டிருக்கும்.

பத்து வருடமாகத் திருவண்ணாமலையில் ஏசி மாட்டுகிறேன், கழற்றுகிறேன், கழுவுகிறேன். சமீபத்தில் இந்த ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்துகொண்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டப் பெட்டி. அறை எவ்வளவு சூடு என்று அதுவே பார்த்து, ஏசியை அதுவே போடும், அதுவே அணைக்கும், வைஃபை வழியாக உங்கள் போனோடு பேசும். தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நீங்களும் ஸ்டூல் மேல் ஏறி நின்று அதைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள்.

பொம்பளை நான் ஏணியைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் போய் இறங்கினால், எனக்குப் பின்னால் மெக்கானிக் வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்க்கட்டும். அதற்குள் நான் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றியிருப்பேன். கையில் எடுத்த வேலையை முடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. அந்தக் குணம் என்னைப் படுத்திய ஒரு வாரத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

திங்கள்: வேங்கிக்கால், முதல் தடவை

வேங்கிக்கால் குமரேசன் கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு விபத்தில் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை. இப்படி அடிபட்டவர்களுக்குச் சரியாக வியர்க்காது என்பது அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். வியர்க்காத உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாது. அறை சூடானால் அவருக்கும் உடம்பு கொதிக்கும். மற்றவர்களுக்கு ஏசி சொகுசு, அவருக்கு அது மருந்து.

மனைவி சரளா கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். காலை பத்து மணிக்குப் போனால் ஆறு மணிக்கு வருவார். நடுவில் மதியம் ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா வந்து சாப்பாடு ஊட்டிவிட்டுப் போவார். ஆபீஸில் இருந்தே அறையின் சூட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் தெர்மோஸ்டாட் கேட்டார்கள். மாட்டியது நான்தான். மாட்டிய மறுநாளே ஏசி பதினொரு மணிவாக்கில் தானாக நின்றது. குமரேசன் குரலாலேயே போனுக்கு உத்தரவு கொடுத்து மனைவியைக் கூப்பிடுவார், அவர் ஆபீஸிலிருந்து ஆப்பில் போடுவார், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். ஒரு நாள் சரளா மீட்டிங்கில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. ஓடிவந்து பார்த்தபோது குமரேசனின் முகம் செக்கச்செவேல் என்று இருந்ததாம், பேச்சு குழறியதாம்.

வயர், ஸ்டெபிலைசர், ஃபில்டர், வெளியே இருக்கிற யூனிட் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏசி அருமையாக ஓடியது. பாதி நாள் பர்மிஷன் போட்டு வந்திருந்த சரளா வாசல் வரை வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "போன வாரம் பூரா லீவு போட்டுட்டு இவரு பக்கத்துலயே உக்காந்திருந்தேன் மேடம், ஒரு தடவ கூட நிக்கல. இன்னிக்கி ஆபீஸ் போனேன், பதினொன்னுக்கு நின்னுடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாவலன்னா வேலைய விட்டுடுறேன். எழுதிக் குடுக்க வேண்டியதுதான் பாக்கி."

செவ்வாய்: குளிரில் நடுங்கிய வாத்தியார்

பெரிய கடைத்தெருப் பக்கம் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் வீடு. சாயங்காலம் ஆறு மணியானால் ஹால் ஐஸ் பெட்டி ஆகிவிடுகிறது, நிறுத்தவே மாட்டேன் என்கிறது என்று புகார். நான் போனது மதியம். சாபம் வேலை செய்தது, எல்லாம் ஒழுங்காக இருந்தது. விடுவேனா? ஆறு மணி வரை உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு வாத்தியார் மனைவி குளித்துவிட்டு வந்து, தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு சாண் கீழே புதிதாக அடித்திருந்த சாமிப் பலகையில் குத்துவிளக்கை ஏற்றினார். விளக்கின் சூடு நேராக மேலே போனது. வீடே பற்றி எரிகிறது என்று பெட்டி நினைத்துக்கொண்டு ஏசியை முழு மூச்சாக ஓட்டியது.

பலகையை ஒரு முழம் தள்ளி வைத்தால் போதும் என்றேன். வாத்தியார் போர்வைக்குள்ளிருந்து தலையாட்டினார். அந்த அம்மா ஆட்டவில்லை. "சாமிய நகத்தச் சொல்றியா? நேத்து வந்த பொட்டி அது, அத நகத்தும்மா!"

நகர்த்தினேன்.

புதன், வியாழன்: மறுபடியும் வேங்கிக்கால்

முன்பு ஒரு பௌர்ணமியன்று, கிரிவலம் போகிற செங்கம் ரோட்டில் ஒரு வீட்டு ஏசி ஆளில்லாத நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு கிரிவலம் போயிருந்தார்கள். அவர்கள் போன் வீட்டு வாசலைத் தாண்டி நடந்தபோது, எஜமான் வந்துவிட்டார் என்று பெட்டி ஏசியைப் போட்டுவிட்டது. போன் வெளியே போனால் அணைப்பது, வந்தால் போடுவது என்று இதில் ஒரு வசதி உண்டு.

புதன்கிழமை காலை பல் விளக்கும்போது இது ஞாபகம் வந்து துள்ளினேன். ஆப் இருக்கிற சரளாவின் போன் ஆபீஸுக்குப் போகிறது, வீட்டில் யாரும் இல்லை என்று பெட்டி அணைக்கிறது! லீவில் இருந்த வாரம் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் கணக்கு சரியாக வந்தது. ஓடிப்போய் அந்த வசதியை அணைத்துவிட்டு, "இனிமே நிக்காது" என்று மார்தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். வியாழன் பதினொரு மணிக்கு போன் அடித்தது. எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

அன்று பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, கடையிலிருந்து புதுப்பெட்டி மாட்டினேன். ரூட்டரை அறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தேன். மூன்று மணி வரை ஏசியை முறைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஒரு பிசகும் இல்லை. கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருக்காது, நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஆத்திரத்தில் அழுதேன். குமரேசன் மட்டும் அன்று முழுக்கப் படுக்கையிலிருந்து கிண்டல் பண்ணிக்கொண்டே இருந்தார். நான் கிளம்பும்போது அவர் சொன்னது: "மேடம், பேசாம ஒரு பாயப் போட்டுக்கினு இங்கியே தங்கிடுங்க. இந்த ஏசிக்கு உங்களத்தான் புடிச்சிருக்குது."

வெள்ளி காலை: சலீம் பாயின் மூன்றாம் நம்பர் ரூம்

ரமணாசிரமம் பகுதியில் சலீம் பாய்க்கு ஆறு ரூம் கொண்ட கெஸ்ட்ஹவுஸ் இருக்கிறது. ஐந்து ரூமில் பிரச்சினை இல்லை. மூன்றாம் நம்பரில் மட்டும், தங்கியிருக்கிற ஜெர்மன்கார அம்மா தினமும் காலையில் புழுக்கத்தில் வெந்துபோகிறார். "நான் போய்க் கதவத் தட்டினா ஏசி ஓட ஆரம்பிச்சுடுதும்மா. ஏதாச்சும் லூஸ் கனெக்ஷனா?" என்று கேட்டார் பாய்.

தட்டினால் ஓடுகிறது என்றதும் எனக்கு உடம்பில் ஒரு விறுவிறுப்பு. அந்த அம்மா காலையில் என்ன செய்வார் என்று கேட்டேன். கண்ணை மூடி உட்காருவாராம், இரண்டு மணி நேரம் மூன்று மணி நேரம், ஒரு விரல்கூட அசையாமல். தெர்மோஸ்டாட் பெட்டியின் கீழ் விளிம்பில் ஒரு சின்னக் கண்ணாடிப் பொட்டு இருக்கிறது. அது அறையில் ஆள் அசைகிறாரா என்று பார்க்கும். ரொம்ப நேரம் அசைவு இல்லையென்றால் அறை காலி என்று முடிவு பண்ணி, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்துவிடும். பாய் தட்டியதும் அந்த அம்மா கதவைத் திறக்க எழுந்திருப்பார், ஏசி ஓடும். இதைச் சொன்னேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "நான்ங்கறதே இல்லாமப் போவணும்னு சொல்லித்தானே அந்தம்மா இவ்ளோ தூரம் வந்துது? இவங்க இல்லன்னு மிஷினே சர்டிபிகேட் குடுத்துடுச்சே!"

சிரிக்க எனக்கு நேரம் இல்லை. அந்த வசதியை அணைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வழியில் நிறுத்தி சரளாவுக்கு போன் போட்டேன். ராஜினாமாக் கடிதம் டைப் அடித்துக் கைப்பையில் இருக்கிறது என்றார். சாயங்காலம் வரை பையை விட்டு வெளியே எடுக்காதீர்கள் என்று கெஞ்சினேன்.

வெள்ளி: வேங்கிக்கால், கடைசித் தடவை

பக்கத்து வீட்டு அம்மாவிடம் சாவி வாங்கித் திறந்தேன். குமரேசனின் அறைக்கதவு சாத்தியிருந்தது. நான் உள்ளே போகவில்லை. ஹாலில் தரையில் உட்கார்ந்தேன்.

"யாரு, மேடமா? உள்ள வாங்க" என்றார் அவர்.

"வர மாட்டேன் அண்ணா. வந்தா ஓடிடும்."

"ஓடட்டுமே! ஓடத்தானே வந்தீங்க?"

கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். சரளா ஆப்பில் அப்போதுதான் போட்டிருந்த ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் தாண்டியதும் உர்ரென்ற சத்தம் அடங்கியது. நின்றுவிட்டது! வாழ்க்கையில் ஓர் ஏசி நின்றதற்கு நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன். ஓடியது.

இத்தனை நாள் நடந்தது இதுதான். சரளா லீவில் பக்கத்தில் இருந்தபோது அவர் அசைந்தார். நான் வந்தபோது நான் அசைந்தேன். இவர் தனியாக இருந்தபோது அசைவதற்கு ஆள் இல்லை, படுக்கையில் தலை மட்டும் அசைவது அந்தக் கண்ணாடிப் பொட்டுக்கு எட்டாது. போன் வெளியே போவதைப் பார்ப்பது ஒரு வசதி, அசைவைப் பார்ப்பது வேறொன்று. ஒன்றை அணைத்ததும் இரண்டும் போய்விட்டது என்று நினைத்தேன். முதல் பெட்டியை மாட்டியவளும் நான், புதுப்பெட்டியை மாட்டியவளும் நான். அசையாத ஒருவர் படுத்திருக்கிற அறையில் மாட்டுகிறோமே, ஆப்பில் அந்த அசைவு வசதியின் பக்கத்தைத் திறந்து பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அதை அவரிடமே சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அசைவுக் கண்ணை அணைத்தேன். பிறகு செய்ய வேண்டிய முக்கியமான சோதனையைச் செய்தேன். கிளம்பிப் போய்விட்டேன்.

ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது சரளாவும் அப்போதுதான் வந்திருந்தார். நான் போன பிறகு ஏசி ஒரு தடவைகூட நிற்கவில்லை. சரளா ஆப்பில் இதுவரை திறக்காத, ஏசி நின்ற நேரங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரே வரி: "அறையில் ஆள் இல்லை." அதைப் படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. பையிலிருந்து கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட குமரேசனுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினார். அவர் சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அந்தப் பொட்டிகிட்ட சொல்லிடுங்க மேடம், நான் எங்கியும் போகல, இங்கதான் இருக்கேன்னு."

இப்போதெல்லாம் எந்த வீட்டு ஏசியைப் பார்க்கப் போனாலும் முதல் வேலையாக ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறேன், மெக்கானிக் வருவதற்காகத்தான் நான் காத்திருக்கிறேன் என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.