விற்கப்போகும் வீட்டில் ஒரு பனிக்காலம்

ஒக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில், காலைத் தேநீருக்குப் பிறகு, நானும் கணவரும் பிரிந்துவிடுவது என்று தீர்மானித்தோம். சண்டை எதுவும் நடக்கவில்லை. பத்தொன்பது வருடம் ஒன்றாக இருந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. குடி, அடி, மூன்றாம் ஆள் என்று ஊர் வாயில் போடுவதற்கும் ஒன்றும் இல்லை. பேச்சு நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். அரிசி முடிந்தது, நாளைக்குக் குப்பை எடுக்கும் நாள், உங்கட அக்கா ஃபோன் எடுத்தா என்ற அளவிலேயே எங்கள் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

"இப்பிடியே எத்தினை வருசத்துக்கு இழுக்கப்போறம்?" என்று நான்தான் தொடங்கினேன்.

அவர் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார். "ஓம். எனக்கும் அதுதான் யோசனை. வீட்டை வித்திட்டு நீர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

இவ்வளவு சுலபமாக ஓம் சொல்லுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. கேட்டதைத்தான் தந்தார். இருந்தும் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கிழமை வீடு விற்கும் ஏஜன்ற் வந்து பார்த்தார். தமிழர்தான். அறை அறையாக நடந்துவிட்டு, ஜாக்கெற்றைக் கழற்றாமலே சொன்னார்: "இப்ப போட்டா ஆர் வாங்கப்போகினம், அக்கா? இந்தப் பழைய வீட்டுக்குள்ள காலை வைச்ச உடனயே குளிருதெண்டு திரும்பிப் போயிடுவினம். ஏப்ரலில போடுவம்."

ஏப்ரலுக்கு ஆறு மாதம் இருந்தது. இந்த வீட்டின் மோட்கேஜ் கடனையும் கட்டிக்கொண்டு இன்னோர் இடத்துக்கு வாடகையும் கொடுக்க எங்கள் இருவருடைய சம்பளமும் காணாது. கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளர். நான் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்தேன். உறவினர் வீட்டில் போய் நிற்கலாம் என்றால் காரணம் சொல்லவேண்டும். ஒருவருக்குச் சொன்னால் அன்று மாலைக்குள் ஸ்காபரோத் தமிழர் முழுப்பேருக்கும் தெரிந்துவிடும். ஆகவே ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் தன் உடுப்புகளைத் தூக்கிக்கொண்டு மேல்மாடி அறைக்குப் போனார். நான் கீழே இருந்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு கனடிய இராணுவத்திலிருந்து திரும்பி வந்தவர்களுக்காகக் கட்டிய வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. கூரைக்கு அடியில் சரிந்த முகட்டோடு இரண்டு சின்ன அறைகள், கீழே ஒரு படுக்கையறை, ஹோல், குசினி. வெளியே செங்கல், உள்ளே பூச்சு, இரண்டுக்கும் நடுவில் குளிரைத் தடுக்க ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் சுவரில் சாய்ந்தால் முதுகு சில்லிடும். "இந்த வருசம் கூரைக்குள்ள இன்சுலேசன் அடிப்பிக்கோணும்" என்று ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவர் சொல்லுவார். ஒவ்வொரு வருடமும் வேறொன்று முந்திக்கொள்ளும். இந்த முறை அவர் அதைச் சொல்லவேயில்லை. விற்கப்போகும் வீட்டுக்கு எதற்கு?

டிசம்பர் நடுவில் குளிர் இறங்கியது. பேஸ்மென்றில் இருந்து வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் விடாமல் ஓடியும் கீழ்வீடு பதினேழு டிகிரிக்கு மேலே ஏறவில்லை. மேலே அதுவும் இல்லை. மின்சாரச் சூடாக்கி ஒன்றைப் போட்டால் பிரேக்கர் விழுந்து பாதி வீடு இருண்டுபோனது. வயர்களும் வீட்டின் வயதுதான். அவர் மேலே இருமுவது எனக்குக் கேட்டது.  கீழே வரச் சொல்ல எனக்கு இனி உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவர் கம்பளித் தொப்பியும் ஜாக்கெற்றுமாகப் படி இறங்கி வந்தார். கையில் சின்னத் தெர்மோமீற்றர்.

"மேல ஒம்பது டிகிரி" என்றார், பள்ளிக்கூடத்தில் மேலதிகாரிக்கு அறிக்கை கொடுப்பதுபோல.

"கீழ வாங்கோ. ஹோலில படுங்கோ."

"உமக்குக் கரைச்சல் இல்லையோ?"

வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரியைக் கேட்பதுபோல இருந்தது. "ஒரு கரைச்சலும் இல்லை" என்றேன்.

மெத்தை கீழே வந்தது. மேல்மாடிக்குப் போகும் சூட்டுக் குழாய் வாய்களை அவர் மூடினார். படிக்கட்டின் வாயில் ஒரு தடித்த கம்பளியைத் தொங்கவிட்டுச் சட்டத்தோடு ஆணி அடித்தார். அத்தோடு மேல்வீடு இல்லாமல் போனது. இரண்டு அறையிலும் ஒரு குசினியிலும் நாங்கள் இருவரும். என் படுக்கையறைக்கு வரும் சூடு மிகக் குறைவு. கதவைச் சாத்தினால் ஒரு மணித்தியாலத்தில் மூக்கு நுனி குளிர்ந்துவிடும். ஆகவே அந்தக் கதவையும் திறந்தே வைக்கவேண்டி வந்தது. பிரிவதென்று முடிவெடுத்த மனுசனின் இரண்டு பாதங்களும் கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடிதான் நான் தினமும் கண்விழித்தேன்.

யன்னல்கள்தான் மிச்சம். அவர் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி யன்னல் சட்டங்களின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனார். நேராக எழும்பிய புகை, ஓர் இடத்தில் வந்ததும் உள்பக்கமாகச் சாய்ந்தது.

"இதில வருது. உதிலயும் வருது" என்று பென்சிலால் அடையாளம் போட்டுக்கொண்டு போனார். "எல்லாத்தையும் பிளாஸ்ரிக் போட்டு மூடோணும். ஆனா எனக்குத் தனியச் செய்யேலாது. ஒராள் பிடிக்கோணும்."

யன்னல் சட்டத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒட்டும் ரேப் போட்டு, மெல்லிய பிளாஸ்ரிக்கை இழுத்து ஒட்டி, பிறகு தலைமயிர் காயவைக்கும் ட்ரையரால் சூடுகாட்ட வேண்டும். சூடு பட்டதும் அது சுருங்கி, மேளத்தோல்போல இறுகிவிடும். அவர் கதிரையில் ஏறி மேல் விளிம்பைப் பிடித்தார். நான் கீழே.

"நேராப் பிடியும்."

"நேராத்தான் பிடிச்சிருக்கிறன். உங்கட பக்கம்தான் சரியுது."

"கொஞ்சம் விடும். ம், இப்ப இழும். சுருக்கம் பற்றிக் கவலைப்படாதையும், சூட்டில எடுபடும்."

அன்று ஏழு யன்னல் முடித்தோம். அந்த வருடம் முழுவதும் பேசியதைவிட அந்த ஒரு நாளில் அதிகம் பேசியிருப்போம். அவருக்கு அந்த வேலை நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தையே சூடாக வைத்திருக்கும் மனுசன். அதைப் பார்த்து என் மனம் இளகியது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் இளகவில்லை. சின்ன வேலைகளை இவ்வளவு ஒற்றுமையாகச் செய்யத் தெரிந்த இரண்டு பேருக்கு ஒரே வீட்டில் வாழத் தெரியாமல் போனதே என்ற களைப்புத்தான் வந்தது.

வீடு சூடாகியது உண்மை. பத்தொன்பது டிகிரி. ஆனால் காற்றோடு சேர்ந்து வெளியும் நின்றுபோனது. தெருவில் போகும் பஸ் சத்தம், அயல்வீட்டு நாய், காற்று, ஒன்றும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் நாங்கள் இருவரும்தான். அவர் தொண்டையைச் செருமுவது, தேநீரை விழுங்குவது, ஃபோனில் செய்தி தள்ளிப் பார்க்கும்போது விடும் மூச்சு. என் காப்புச் சத்தம் அவருக்கு எப்படிக் கேட்டிருக்குமோ என்று நினைத்து ஒருநாள் கழற்றி வைத்தேன். மீன் பொரித்தால் மூன்று நாளைக்கு அந்த மணம் போகாது. பிளாஸ்ரிக்குக்குப் பின்னால் கண்ணாடி முழுக்க நீர் பூத்து, வெளியே பகலா மாலையா என்பதுகூடத் தெளிவில்லாமல் போனது. அழவேண்டும்போல இருந்தால் அழுவதற்கு ஓர் இடம் இல்லை. நத்தார், புதுவருட விடுமுறைக்குப் பள்ளிக்கூடமும் மூடி, கிளினிக்கும் மூடி, இருவரும் பத்து நாள் அதற்குள்ளேயே இருந்தோம்.

புதுவருடத்தன்று விட்பியிலிருந்து அவருடைய அக்கா பலகாரத்தோடு வந்தா. வருகிறேன் என்று முன்னே சொல்லவில்லை. மெத்தையை ஒளிக்க நேரம் கிடைக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்தா.

"இதென்ன, ஹோலில படுக்கையோ?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"மேல சரியான குளிர், அக்கா" என்றார் அவர். "அதாலதான் எல்லாம் மூடிக் கட்டியிருக்கிறம்."

அது பொய்யில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அக்கா ஆணி அடித்த கம்பளியையும் யன்னல்களையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தா. "நல்லாத்தான் கூடு கட்டியிருக்கிறியள். எங்கட புது வீட்டில நாலு பாத்றூம், ஆள் ஆளைக் காணுறதில்லை. பார் பிள்ளை, பழைய வீடெண்டாலும் இப்பிடிக் கிட்டக் கிட்ட இருக்கிறதில ஒரு சந்தோசம் இருக்கு."

"ஓம் மச்சாள்" என்றேன்.  அவ போனதும் நான் மெத்தை விரிப்பை உதறிப் போட்டேன். அவர் தட்டுகளைக் கழுவினார்.

அதற்குப் பிறகுதான் நான் காரில் போய் இருக்கத் தொடங்கினேன். வீட்டின் பக்கவாட்டில்தான் காரை விடுவோம். அந்தப் பக்கம் தலைக்கு மேலே சின்னக் குசினி யன்னல் மட்டும்தான், இப்போது அதுவும் நீர் பூத்து ஒன்றும் தெரியாது. "குப்பை வைச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போய், எஞ்சினைப் போட்டு, இருபது நிமிடம் சும்மா இருப்பேன். பாட்டுக்கூடப் போடமாட்டேன். அழுததும் உண்டு.

தை மாதத்து ஞாயிறு மத்தியானம் ஒன்றில் அவர் பனி தள்ளப்போனார். கொஞ்ச நேரம் கழித்து நானும் வெளியே போனேன். பனி தள்ளும் சவள் சுவரில் சாத்தியபடி இருந்தது. நடைபாதையில் ஒரு பிடி பனிகூட அசையவில்லை. கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே சீற்றைச் சரித்துவிட்டு அவர் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார்.

கண்ணாடியில் தட்டினேன். பதறி எழும்பினார்.

"என்ன செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை. சும்மா." பிறகு, "நீர்?"

"நானும் சும்மாதான் வந்தனான்."

மறுபக்கக் கதவை எட்டித் திறந்துவிட்டார். "ஏறும். கதவைச் சாத்தும், சூடு போகுது."

ஏறி இருந்தேன். முன்கண்ணாடியில் பனி விழுந்து விழுந்து உருகிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு நாளும் இஞ்ச வந்து இருக்கிறனீங்களோ?"

"வேலையால வந்து ஒரு அரைமணித்தியாலம் இருந்திட்டுத்தான் உள்ள வாறனான்."

"இந்த வீடு மூடின பிறகோ?"

வைப்பரை ஒருதரம் ஓடவிட்டு நிறுத்தினார். "இல்லை. முந்தியும்தான்."

"எத்தினை வருசமா?"

"ஒரு பத்து வருசம் இருக்கும்."

பத்து வருடம். வேலை முடிந்து இவ்வளவு நேரமாக வராமல் இருக்கிறாரே என்று கிங்ஸ்ரன் றோட்டின் நெரிசலைத் திட்டிக்கொண்டு, கறியை இரண்டாம் தரம் சூடாக்கிய பின்னேரங்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. அந்த நேரம் முழுக்க இந்த மனுசன் சுவருக்கு வெளியே ஆறடி தூரத்தில் இருந்திருக்கிறார்.

"நான் அவ்வளவு பொல்லாதவளோ?"

"சீ, அப்பிடியில்லை" என்றார். ஸ்ரீயறிங்கைப் பிடித்துக்கொண்டு, ஓடப்போகிறவர் மாதிரி. "உள்ள வந்தா ஏதாவது கதைக்கோணும். என்ன கதைக்கிறதெண்டு தெரியிறேல்லை. இஞ்ச இருந்து யோசிச்சுப் பார்ப்பன். ஒண்டும் வராது. பிறகு நேரம் போச்செண்டு உள்ள வருவன்."

எனக்குக் கோபம் வரவேண்டும். சிரிப்புத்தான் வந்தது, அடக்க முடியாத ஒரு சிரிப்பு. "ஒரு கிழமையா நானும் குப்பை வைக்கிறனெண்டு இதுக்குள்ளதான் வந்து இருக்கிறன்" என்றேன். அவரும் சிரித்தார். கண் துடைத்தார். அது சிரிப்பாலா என்று நான் கேட்கவில்லை.

"நீர் இரும். நான் பனியைத் தள்ளுறன்" என்று இறங்கினார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வந்தது. விடுமுறை நாட்களில் மத்தியானம் கார் எனக்கு, பின்னேரம் அவருக்கு. ஒருவர் காரில் இருக்கும்போது மற்றவருக்கு வீடு. கதவைச் சாத்தாமலே சாத்திய மாதிரி. அந்த ஒழுங்கு இல்லாமல் மாசி மாதத்தை நாங்கள் தாண்டியிருக்கமாட்டோம்.

மார்ச்சில் அக்காவுக்கு ஃபோன் போட்டு, பிரியப்போகிறோம் என்று இருவரும் சேர்ந்தே சொன்னோம்.  "என்ன குறை உங்களுக்கு?" என்றா அவ.  அவ ஃபோனை வைத்துவிட்டா. அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய் யன்னல் பிளாஸ்ரிக்குகளைக் கிழிக்கத் தொடங்கினார். அதற்கு இரண்டு பேர் தேவைப்படவில்லை.

ஏப்ரலில் வீடு விலைப்பட்டது. வாங்கிய இளம் சோடி, சுவர்களை உடைத்து முழுக்க இன்சுலேசன் போடப்போவதாகச் சொன்னார்கள். அவருக்கு ரூஜ் பக்கம் ஒரு வீட்டு பேஸ்மென்ற் கிடைத்தது. எனக்கு ஓர் அடுக்குமாடியில் பதினோராம் மாடி. முதலில் போனவர் அவர்தான். கூட வேலை செய்பவர் ஒருவரின் வானில் சாமான்களை ஏற்றிவிட்டு, கைகளைக் காற்சட்டையில் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார்.

ஒவ்வொரு காலையும் அந்த வாசலில் நின்று "போட்டு வாறன்" என்று சொல்லித்தான் வேலைக்குப் போவார். அன்று அதைச் சொல்ல வாய் திறந்தார். திறந்த வாயை மூடினார். வெறும் "போறன்" என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் நா எழாது.

"சரி அப்ப" என்றார்.

"ம். வானை ஆறுதலா, மெல்ல ஓடச் சொல்லுங்கோ" என்றேன்.

வான் தெருமுனையில் திரும்பும்வரை நின்றேன். பிறகு உள்ளே வந்து, படுக்கையறைக் கதவை நன்றாகச் சாத்திவிட்டு, பொழுதுபடும்வரை நித்திரைகொண்டேன்.