கௌகப்பின் ஓட்டைக் காசு

மன்னர் முடிசூடிய வருஷம், ஈரானின் இஸ்ஃபஹான் நகரத்து நூற்பாலை முதலாளி கூலியை உயர்த்தவில்லை. விழாவுக்கென்றே அடித்த வெள்ளிக்காசு ஒன்றை, ஆலையில் நூல் நூற்கும் கௌகப் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அதோடு அவர் கடமை முடிந்தது.

கௌகப் அதைப் பூட்டி வைக்கவில்லை. தட்டானிடம் கொடுத்து ஓட்டை போட்டாள். கண்ணேறு படாமலிருக்கப் பச்சைக் குழந்தையின் குல்லாயில் வெள்ளி தைப்பார்கள். அவள் குடியிருந்த சந்தில் யாரிடம் வெள்ளி இருந்தது? எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் நாற்பது நாள் அந்தக் காசு அங்கே இருக்கும். பிறகு அடுத்த வீடு. ஆலை மேலாளர் மனைவி ஆள் விட்டுக் கேட்டபோது, "முன்னாடி சாயப்பட்டறைக்காரி இருக்கா, காத்திருக்கச் சொல்லு" என்று திருப்பி அனுப்பினாள். வேலை போய்விடும் என்று சந்தே நடுங்கியது. அவள் மறுநாள் வழக்கம்போல் ஆலைக்குப் போய் நூற்றாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து மன்னர் ஆட்சி கவிழ்ந்தது. மன்னர் முகம் பதித்த காசை வைத்திருக்கக் கூடாது என்றது புது ஆட்சிக்காகச் சந்தைக் காவல் காத்த குழு. பயந்தவர்கள் தாங்களே கொண்டுபோய்த் தட்டான் உலையில் போட்டு உருக்கினார்கள். பார்க்கவே கிடைக்காத பொருளாகிவிட்டது அந்தக் காசு. கௌகப் மட்டும் கொடுக்கவில்லை. குழுக்காரன் ஜலீல் துப்பாக்கியோடு வந்தான்.

"பெரியம்மா, காசை எடு."

"எங்கிட்ட ஏது? ஃபரங்கீஸ் புள்ள தலையில இருக்கு."

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் ஃபரங்கீஸ். இது மூன்றாவது, குறைமாதக் குழந்தை. காசைப் பிடுங்கினால் அவள் உடைந்துபோவாள்.

"அதுல ராஜா மூஞ்சி இருக்குல்ல?"

"நீ மூக்கு ஒழுகித் திரிஞ்சப்பவே அந்தாளு கிரீடத்துல ஓட்டை போட்டவடா நான். நீ இப்பத்தான் துப்பாக்கி தூக்குற."

வாசலில் கூடியிருந்த கூட்டம் சிரித்தது. ஜலீல் முகம் சிவந்தது.

"சரி, போ. அவ முகத்தைப் பாத்து நீயே குல்லாயை அவுத்துட்டு வா" என்றாள் கௌகப்.

போனான். விஷயம் தெரியாத ஃபரங்கீஸ், "வா தம்பி, புள்ளையப் பாக்க வந்தியா? டீ குடி" என்றாள். குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

"மேல ஒரு துணியாவது வச்சுத் தைக்கச் சொல்லு பெரியம்மா."

"அப்படிக் கேளு. தைக்கச் சொல்றேன்."

அடுத்த வசந்தத்தில் ஜலீல் மறுபடி வந்தான், துப்பாக்கி இல்லாமல். வாசலிலேயே தயங்கி நின்றான்.

"வீட்ல இது ஏழாம் மாசம், பெரியம்மா..."

"நல்ல சேதிதான். ஆனா உனக்கு முன்னாடி ரெண்டு பேரு இருக்காங்க."