நாகஜோதி போட்ட மூன்று ஷிப்ட்

திருப்பரங்குன்றத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனி அலுவலகம். எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது என்று பட்டியல் போடுவதுதான் அங்கே நாகஜோதிக்கு ஒன்பது வருடமாக வேலை. முப்பத்தேழு டிரைவர்கள், ஆளுக்கொரு கோரிக்கை. ஒருவருக்கு விடியற்காலை வண்டி ஆகாது, இன்னொருவருக்குச் சிம்மக்கல் நெரிசல் ஆகாது. அத்தனை பேரையும் சமாளித்து, யாரிடமும் திட்டு வாங்காமல் பட்டியல் போடுகிறவள் என்று அவளுக்குப் பேர்.

அந்தப் பட்டியலைப் போட அவள் வைத்திருந்த மென்பொருள் இலவசமானது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து போட்டிருந்தார்கள். ஒருநாள் அதில் தமிழ் எழுத்தெல்லாம் கொம்பு தனி, கால் தனி என்று பிரிந்து நின்றது. நாகஜோதி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் புகார் எழுதிப் போட்டாள். மூன்றாம் நாள் நியூசிலாந்திலிருந்து ஹேசல் என்ற பெண் அதைச் சரிசெய்து, இன்னும் கோளாறு இருந்தால் சொல்லுங்கள் என்று பதில் அனுப்பினாள். அப்படித்தான் நாகஜோதி அந்தக் கூட்டத்துக்குள் போனாள். நிரல் எழுதத் தெரியாது. தமிழ்ப்படுத்துவாள், தப்புக் கண்டுபிடித்துச் சொல்வாள்.

மாதம் ஒருமுறை எல்லோரும் வீடியோவில் கூடுவார்கள். ஜெர்மனியில் மதியம் மூன்று, மதுரையில் ராத்திரி ஏழரை. நியூசிலாந்தில் அப்போது விடியற்காலை மூன்று மணி. ஹேசல் ஒரு தடவைகூட வந்ததில்லை. பிரேசிலில் இருக்கும் ரெனாட்டோவும் அவளும் ஐந்து வருடமாக ஒரே பகுதியைத்தான் எழுதுகிறார்கள், ஒருவர் பிழையை மற்றவர் திருத்துகிறார். ஆனால் முகம் பார்த்துப் பேசியதில்லை.

இதை நாகஜோதி தன் கணவன் மருதுவிடம் சொன்னாள். அவனும் அதே கம்பெனியில் டிரைவர்தான்.

“ஒரே ஆளுக்கு மாசாமாசம் விடியக்கால வண்டியப் போட்டா எவன் வருவான்?” என்றான் மருது.

“அதத்தேன் நானும் யோசிக்கிறேன்.”

“யோசிக்காத, போய்ச் சொல்லு. எங்ககிட்டப் பேசுற வாய் அங்க எங்க போச்சு?”

அடுத்த கூட்டத்தில் சொல்லிவிட்டாள். இங்கிலீஷ் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டது, ஆனாலும் சொன்னாள். மூன்று ஷிப்ட். மதுரை நேரப்படி ஒரு மாதம் காலை ஆறரை, அடுத்த மாதம் மதியம் இரண்டரை, அதற்கடுத்து ராத்திரி ஏழரை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கண்டம் தூங்கும், ஆனால் எப்போதும் அதே கண்டம் தூங்காது. கூட்டத்தை நடத்தும் ஊவே என்ற ஜெர்மன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறு வருடமாக இது தனக்குத் தோன்றவே இல்லையே என்றார். முதல் ஷிப்டை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை என்று குறித்து, நாடுவாரியாக மணியும் எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள். நியூசிலாந்து மதியம் இரண்டு, பிரேசில் இரவு பத்து, இப்படியே வரிசையாக.

அந்தப் புதனன்று ஆறேகாலுக்கே நல்ல சேலை கட்டி, கீழக்குயில்குடி வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஹேசல் வந்தாள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், ஜப்பானிலிருந்து இருவர். அவ்வளவுதான். ரெனாட்டோ இல்லை. அமெரிக்கப் பக்கமிருந்து ஒரு ஈ காக்கை இல்லை. அரை மணி நேரம் மழை, வெயில் என்று எதையோ பேசிவிட்டுக் கலைந்தார்கள். பெரிய பட்டியல்காரி மாதிரி வாய் பேசினோமே என்று அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை மனசு ஆறட்டும் என்று சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்தைச் சுற்றப் போனாள். ஆறு முப்பத்திரண்டுக்குப் போன் துள்ளியது. ரெனாட்டோ. ‘நான் வந்துவிட்டேன், யாரையும் காணோமே?’ அடுத்து கனடாக்காரர். அடுத்து பெரு. அடுத்து சிகாகோவிலிருந்து இரண்டு பேர். பதினோரு பேர், எல்லோருக்கும் ஒரே கேள்வி.

நாகஜோதி தன் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். புதன், பிரேசில் இரவு பத்து. மதுரையில் புதன் விடிந்தபோது பிரேசிலில் செவ்வாய் ராத்திரிதான் நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய புதன் ராத்திரி இதோ, இப்போதுதான் வந்திருக்கிறது! மணியெல்லாம் சரியாகப் போட்டவள் கிழமையை மறந்துவிட்டாள்.

குளத்துப் படியில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனில் கூட்டத்தைத் திறந்தாள். ‘ஓடி வா!’ என்று ஹேசலுக்கு அனுப்பினாள். ஹேசல் காய்கறிக் கடையிலிருந்து, கையில் முட்டைக்கோஸோடு வந்து சேர்ந்தாள். ஜப்பான்காரர்களும் வந்துவிட்டார்கள்.

ரெனாட்டோவும் ஹேசலும் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீ எழுதும் ஒழுங்கைப் பார்த்து உனக்கு எழுபது வயது என்றல்லவா நினைத்திருந்தேன் என்றார் ரெனாட்டோ. நீ செய்யும் பிழைகளைப் பார்த்து உனக்குப் பதினெட்டு என்று நினைத்தேன் என்றாள் ஹேசல். அவர் தலையில் ஒரு கறுப்பு முடி இல்லை. அப்புறம் யார் பேசுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. நடுவில் ஒரு வெள்ளாடு நாகஜோதியின் தோளுக்கு மேலே தலையை நீட்டவும் கனடாக்காரர் அதற்கும் ஹலோ சொன்னார்.

மருது பைக்கில் தேடிக்கொண்டு வந்துவிட்டான்.

“ஏ ஜோதி, டூட்டிக்கு நேரமாச்சு! இங்க உக்காந்து யாருகிட்டச் சிரிச்சுக்கிட்டு இருக்க?”

“பிரேசிலு, பெரு, ஜப்பான் எல்லாரும் வந்துருக்காக. ஒரு வணக்கம் சொல்லுங்க.”

அவன் குனிந்து பார்த்தான். “ஆத்தாடி, எம்புட்டுப் பேரு!” சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு வணக்கம் சொன்னான். பதினான்கு பேர் பதினான்கு விதமாக வணக்கம் சொன்னார்கள்.

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அன்று நாகஜோதி தாமதமாகப் போனாள். வாசலில் டிரைவர் கண்ணுச்சாமி நின்றார்.

“என்னம்மா, டைம் போடுற ஆளே லேட்டு?”

“பிரேசில்லருந்து வாரேன்ணே!”

“எந்த பஸ்ல?” என்று கேட்டுவிட்டு அவரும் சிரித்தார்.

நடந்ததை அவள் ஒளிக்காமல் எழுதி அனுப்பினாள். மூன்று ஷிப்டே இனி நிரந்தரம் என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். அவரவர் ஊருக்கு மணியோடு கிழமையையும் தானே கணக்கிட்டுக் காட்டும் ஒரு வசதியை ஹேசலும் ரெனாட்டோவும் சேர்ந்து ஒரே வாரத்தில் எழுதினார்கள். கூட்டத்துக்கு நேரம் குறிப்பது அன்றிலிருந்து நாகஜோதிதான்.

போன மாதம் ஏழரை மணி ஷிப்ட். ஹேசல் வர வேண்டியதே இல்லை, அவளுக்கு அது தூங்குகிற நேரம். ஆனாலும் அலாரம் வைத்து எழுந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு திரையில் வந்து உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு உனக்கு லீவு என்றாள் நாகஜோதி. தெரியும் என்று சொல்லிவிட்டு, ஹேசல் கொட்டாவி விட்டபடி அங்கேயே இருந்தாள்.